முதல் டேபிளுக்கு முன் மூன்று வாரம்: துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

துறைத் தலைவர்களுக்கும், திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

புதிய தரவுத்தளத்துக்கு நிதி ஒதுக்கியாயிற்று. எந்த மென்பொருள், கிளவுடா சொந்த சர்வரா என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. "திரையில் எப்போது காட்டுவீர்கள்?" என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லும் முன், தரவை வரிசையும் பத்தியுமாக வைக்கும் டேபிள்களை வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்ட நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: வாடிக்கையாளர் என்றால் யார்?

சிரிக்காதீர்கள். போன காலாண்டுக் கூட்டத்தில் விற்பனைத் துறை ஓர் எண்ணிக்கை சொன்னது, கணக்குத் துறை வேறொன்று, சேவைத் துறை மூன்றாவதாக ஒன்று. 'டேட்டாபேஸ் சரியில்லை' என்று பழி எங்கள் தலையில் விழுந்தது. டேட்டாபேஸ் சரியாகத்தான் இருந்தது. விலை கேட்டு அழைத்தாலே விற்பனைத் துறைக்கு அவர் வாடிக்கையாளர். கணக்குத் துறைக்கு பில் போட்டால்தான். சேவைத் துறைக்கோ, பொருளைக் கையில் வைத்துக்கொண்டு புகார் சொல்பவர். காசு கொடுத்தவர் வேறு யாராகவோ இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் ஐந்து கிளைகள் தனித்தனியாக வாங்கினால் அது ஒரு வாடிக்கையாளரா, ஐந்தா? பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவரை இன்னும் கணக்கில் வைக்கலாமா? இதற்கெல்லாம் புரோகிராமர் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் சொல்லாதபோது, ஏதோ ஒரு மாலை ஏழு மணிக்கு எங்களில் ஒருவர் தமக்குத் தோன்றியபடி முடிவு செய்துவிடுகிறார். அந்த ஏழு மணி முடிவோடுதான் நிறுவனம் பல ஆண்டுகள் குடித்தனம் நடத்துகிறது.

1970-இல், ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் காட், தரவை டேபிள்களாகப் பார்க்கும் ரிலேஷனல் மாதிரியை முன்வைத்தார். தரவு இயந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கவலை பயன்படுத்துபவருக்கு இருக்கக் கூடாது என்பது அவர் வாதம். அந்த நிம்மதி உங்களுக்குக் கிடைத்துவிட்டது. தரவின் பொருள் என்ன என்ற கவலையையும் சேர்த்து எங்களிடம் இறக்கிவைத்துவிட்டீர்கள், அதுதான் சிக்கல்.

எது எதோடு எப்படித் தொடர்புடையது என்று காட்ட 1976-இல் பீட்டர் சென் வெளியிட்ட ஈ-ஆர் மாதிரியிலிருந்து வந்த வரைபடத்தை உங்களுக்கு அனுப்புகிறோமே, கட்டங்களும் கோடுகளுமாக, அதை வாசிக்கக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோட்டின் முனையில் 'ஒன்று' என்றிருக்கிறதா, 'பல' என்றிருக்கிறதா என்று பார்த்தால் போதும். 'ஓர் ஊழியருக்கு ஒரே மேலாளர்' என்று நாங்கள் வரைந்திருப்போம். இரண்டு மேலாளர்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் உங்கள் துறையில் ஒருவர் இருந்தாலும் அங்கேயே எங்களை நிறுத்துங்கள். காகிதத்தில் அழித்து வரைய ஒரு நிமிடம். லட்சக்கணக்கான பதிவுகள் ஏறிய பிறகென்றால் புதிய டேபிள் போட்டு, பழைய தரவைப் பிரித்து, அதை நம்பியிருக்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தேடித் திருத்த வேண்டும். கடந்த முறை அனுப்பிய வரைபடத்துக்கு 'பார்த்தேன், நன்று' என்று பதில் வந்தது. (அழகாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.)

"அதுவரை எக்செல்லில் ஓட்டிக்கொள்கிறோம்" என்று சொல்லும் துறைகளுக்கும் ஒரு வார்த்தை. 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தொகுக்க எக்செல்லின் பழைய கோப்பு வடிவம் பயன்பட்டது. அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விடுபட்டு, தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. உங்கள் தாள் அவ்வளவு பெரிதில்லை, தெரியும். ஆனால் அதன் நான்கு நகல்கள் நான்கு பேரிடம் இருக்கின்றன, நான்கும் வேறு வேறு.

பேக்கப் எங்கள் பாடு. ஆனால் எத்தனை மணி நேரத் தரவு தொலைந்தால் நிறுவனம் தாங்கும் என்பது உங்கள் தீர்மானம். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமிக்கும் இணையதளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப் ஏற்பாடுகள் கைகொடுக்கவில்லை. வேறொரு காரியத்துக்காக ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. மீட்டுப் பார்க்கும் ஒத்திகைக்குத் திட்ட அட்டவணையில் நாள் கேட்டால், "அதைப் பிறகு பார்க்கலாம்" என்று அடித்துவிடாதீர்கள்.

கேட்பது மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் ஒரு டேபிள்கூட உருவாகாது, அதற்காகப் பதற வேண்டாம். ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர் வர வேண்டும். அன்று ஓய்வாக இருப்பவர் அல்ல, 'ஆம், இல்லை' சொல்லும் அதிகாரம் உள்ளவர். சொல்லுக்குச் சொல் விளக்கம் எழுதி, அதை மாற்ற யாருக்கு உரிமை என்பதையும் பக்கத்தில் குறித்து, ஒரு தரவு அகராதி தயாரிப்போம். பழைய தரவில் ஒரே ஆள் மூன்று பெயரில் கிடப்பதை யார் சுத்தம் செய்வது என்பதும் அங்கேயே முடிவாகட்டும். அதை எங்களிடம் தள்ளினால் எந்தப் பெயர் சரி என்று எங்களுக்குத் தெரியாது.

முதல் கூட்டத்துக்கு வரும்போது 'வாடிக்கையாளர்' என்ற சொல்லுக்கு உங்கள் துறையின் விளக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி எடுத்துவாருங்கள். விதிவிலக்குகளை அதன் கீழே எழுதுங்கள், எத்தனை இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
தரவுத்தளக் குழுவில் ஒருவன்