இறகு வித்தவங்க அடுப்பு வித்த கதை

ஆசிரியருக்கு வணக்கம். சீனாக்காரன்னாலே அரசாங்கம் பின்னாடி நின்னு தள்ளிவிடுதுன்னு எல்லாரும் எழுதுறாங்க, ஆனா குவாங்டாங் மாகாணத்துல ஷுன்டேல இருக்கிற கேலன்ஸ் கம்பெனி கதைய யாரும் முழுசா சொல்றதில்ல. 1978ல லியாங் சிங்டெங்கிறவர் ஆரம்பிச்சப்ப அது வாத்து இறகு ஃபேக்டரி சார்! இறகைக் கழுவி, காயவெச்சு, மெத்துன்னு இருக்கிற தூவிய மட்டும் பிரிச்சு ஏற்றுமதி பண்ணிட்டு இருந்தாங்க. நல்லாதான் ஓடுச்சு. அப்படியிருந்தும் 1992ல, ஐம்பது வயச தாண்டின மனுஷன், மைக்ரோவேவ் அடுப்புக்கு மாறினார், அப்போ சீனாவுல பாதிப் பேருக்கு அது என்ன பொட்டின்னே தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க ஏற்றுமதிக்குப் போட்ட கணக்குதான். வெளிநாட்டு பிராண்டுக்காரங்ககிட்ட "உங்க மெஷின் லைன இங்க அனுப்புங்க, உங்க சரக்க கம்மி விலைக்கு செஞ்சு தர்றோம்"னு டீல் பேசி, அவங்க ஆர்டர் முடிஞ்ச மிச்ச நேரத்துல அதே மெஷின்ல தன் சரக்கையும் ஓட்டிட்டாங்க, முதலீடே இல்லாம கெபாசிட்டி! அப்புறம் வெலைய வெட்டு வெட்டுன்னு வெட்டி உலகத்துலயே பெரிய மைக்ரோவேவ் தயாரிப்பாளர் ஆனாங்க. அடுப்போட உசுரான மேக்னட்ரானுக்கு (சூடாக்குற மைக்ரோவேவ் அலைய உண்டாக்குற குழாய்) மட்டும் ரொம்ப நாள் வெளிநாட்டு சப்ளையர நம்பித்தான் இருந்தாங்க, பிறகு அதையும் சொந்தமா செய்ய ஆரம்பிச்சாங்க.

2000ல சிங்டெயோட பையன் லியாங் ஜாவோஷியன் கைக்கு நிர்வாகம் போச்சு. இந்த மாதிரி குடும்பக் கம்பெனிங்கள பத்தி ஒரு தொடர் போடுங்களேன் சார், பங்குச்சந்தை பக்கத்த கொஞ்சம் கொறச்சாலும் பரவால்ல.

இப்படிக்கு,
உங்க வாசகன்