பாஸ்டனில் முதலில் ஓடிய பெண் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பாஸ்டன் மாரத்தான் வரலாறு பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1897இல் ஆஷ்லண்டிலிருந்து 15 பேர் கிளம்பி 10 பேர் ஓடி முடித்தது, நியூயார்க்கிலிருந்து வந்த ஜான் மெக்டர்மட் ஜெயித்தது, அப்புறம் தூரத்தைக் கூட்டுவதற்காக 1924இல் ஓட்டம் தொடங்கும் இடத்தை ஹாப்கின்டனுக்கு மாற்றியது என்று பழைய கதையெல்லாம் சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் படத்துக்குக் கீழே 'இந்த மாரத்தானில் ஓடிய முதல் பெண் கேத்ரின் ஸ்விட்சர், 1967' என்று போட்டிருக்கிறீர்களே, அது தப்பு. உங்களை மட்டும் சொல்லவில்லை, நிறைய பேர் இதையேதான் எழுதுகிறார்கள்.

1966இலேயே பாபி கிப் என்ற பெண் முழுத் தூரத்தையும் ஓடி முடித்துவிட்டார். அப்போது அவருக்கு 23 வயது. முறைப்படி விண்ணப்பம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்; பெண்களின் உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது என்று பதில் வந்தது. சரி, கேட்டால்தானே இல்லை என்பார்கள் என்று சான் டியாகோவிலிருந்து பஸ் ஏறி, நாள்கணக்கில் பயணம் செய்து பெற்றோர் வீட்டுக்கு வந்து, போட்டியன்று அம்மாவையே ஹாப்கின்டனில் கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறார். பெண்களுக்கென்று ஓட்டக் காலணியே கிடைக்காத காலம் அது, பயிற்சியெல்லாம் நர்ஸ்கள் போடும் தோல் காலணியில்தான். போட்டிக்குப் போட்டுக்கொண்டது பையன்களுக்கான புதுக் காலணி, அண்ணன் தம்பி யாருடையதோ ஒரு அரைக்கால் சட்டை, மேலே தலையை மூடும் தொப்பி வைத்த சட்டை. தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் புதருக்குள் ஒளிந்திருந்து, கூட்டத்தில் பாதிப் பேர் கிளம்பிய பிறகு உள்ளே புகுந்துகொண்டார்.

எனக்கு இதில் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருவதுதான். பின்னால் ஓடிவந்த ஆண்கள் கொஞ்ச நேரத்திலேயே இது பெண் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மேல்சட்டையில் வேர்த்துக் கொட்டுகிறது, கழற்றினால் வெளியே தள்ளிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்று இவர் சொல்ல, அப்படித் தள்ள நாங்கள் விடமாட்டோம் என்றிருக்கிறார்கள் அவர்கள். பெண்களை ஒதுக்கியது விதிப்புத்தகமும் அமைப்பாளர்களும்தான், கூட ஓடியவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை! வழியில் வெல்ஸ்லி மகளிர் கல்லூரி மாணவிகள் இவரைப் பார்த்துப் போட்ட உற்சாகக் கூச்சல் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். கடைசியில் புதுக் காலணி கடித்துக் கொப்புளம் வந்து வேகம் குறைந்தும்கூட 3 மணி 21 நிமிடம் 40 விநாடியில் முடித்தார், ஓடியவர்களில் பெரும்பாலோருக்கு முன்னால். மாநில ஆளுநரே வந்து கை குலுக்கினார்.

அப்புறம் ஏன் எல்லோருக்கும் ஸ்விட்சர் பெயர் மட்டும் ஞாபகம் இருக்கிறது? நீங்கள் போட்டிருக்கும் அந்தப் படத்தால்தான் என்பது என் அபிப்பிராயம். விண்ணப்பத்தில் கே.வி. ஸ்விட்சர் என்று மட்டும் எழுதி 261ஆம் எண்ணை வாங்கிக்கொண்டு ஓடினார் அவர். அமைப்பாளர் ஜாக் செம்பிள் பாய்ந்துவந்து எண் அட்டையைப் பிய்க்கப் பார்த்தார், கூட ஓடிய ஸ்விட்சரின் காதலர் செம்பிளை இடித்துத் தள்ளினார். இத்தனையும் பத்திரிகைக்காரர்களின் வண்டிக்கு முன்னாலேயே நடந்தால் எந்தக் கேமரா சும்மா இருக்கும்? அதே 1967 போட்டியில் பாபி கிப்பும் எண் இல்லாமல் ஓடினார், ஸ்விட்சருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட்டார். இது உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ஸ்விட்சரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அதிகாரபூர்வ எண்ணோடு அங்கே ஓடிய முதல் பெண் அவர்தான், 1984 ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் சேர்ந்ததற்குப் பின்னால் அவருடைய பல வருட உழைப்பும் இருக்கிறது. ஆனால் பாஸ்டன் பெண்களை முறையாக அனுமதித்தது 1972இல்தான், அந்த வருடம் ஜெயித்தவர் நினா குசிக். அதற்கு முந்தைய மூன்று வருடங்களும் பெண்களில் முதலாவதாக வந்தது சாரா மே பெர்மன். அதற்கும் முந்தைய மூன்று வருடங்கள் கிப். கிப், பெர்மன் இருவரின் வெற்றியையெல்லாம் அமைப்பாளர்கள் கணக்கில் சேர்த்ததே 1996இல், நூறாவது போட்டி நடந்தபோது. முப்பது வருடம்!

இன்னொன்று, சக்கர நாற்காலிக்காரர்களையே கட்டுரை விட்டுவிட்டது. 1975இல் மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் சான்றிதழ் தருகிறோம் என்று பாப் ஹாலிடம் சொன்னார்கள், அவர் 2 மணி 58 நிமிடத்தில் வந்து நின்றார்.

படக்குறிப்பைத் திருத்தி ஒரு வரி போட்டால் போதும்: 1966, பாபி கிப்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்