டாவனர் விஷயமாக சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. அந்தப் பயிற்சிகளை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலை மாறி பிரிஸ்டலுக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் என்னவோ போல இருக்கிறது. தக்காளி இந்த வருடம் நன்றாகக் காய்த்தது. வீட்டுச் சேதி அவ்வளவுதான். மீதி தாளெல்லாம் நீ கடைசி இரண்டு பக்கத்தில் எழுதியிருந்ததற்குத்தான்.

மகள் வாங்கித் தந்த டிக்கெட்டில் போய் இங்கிலாந்து இசையமைப்பாளர் ஜான் டாவனர் செல்லோவுக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் எழுதிய 'தி புரொடெக்டிங் வெய்ல்' கேட்டுவிட்டு வந்து, "முக்கால் மணி நேரம் தம்பூரா கேட்டேன், கச்சேரி ஆரம்பிக்கவே இல்லை" என்று எழுதியிருக்கிறாய். படித்தபோது எனக்கு வலித்தது. இசை விஷயத்தில் உன் காதை நம்பித்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். மான்செஸ்டரில் அந்த ஒற்றை அறையில் இருந்தபோது இன்னொரு இங்கிலாந்து இசையமைப்பாளர் பர்ட்விசிலின் 'எர்த் டான்சஸ்' கேட்க என்னை உட்கார வைத்தவன் நீதான். பாறையோடு பாறை உரசுவது மாதிரி அந்த இசை உனக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்க ஒரு வருடம் ஆனது. 1995-இல் லண்டனில் பிபிசி நடத்தும் புரோம்ஸ் இசைவிழாவின் கடைசி இரவில் அவருடைய 'பேனிக்' வாசித்து, பிபிசிக்குப் புகார்கள் குவிந்தபோது, நீ ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! கஷ்டமான இசைக்காக அவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்த நீ, டாவனருக்கு மட்டும் ஏன் அந்தப் பொறுமையைத் தரவில்லை என்பதுதான் என் கேள்வி.

"வேறு மாதிரி எழுதத் தெரியாததால் இப்படி எழுதினார்" என்கிறாய். அது மட்டும் சரியில்லை. 1968 ஜனவரியில் லண்டன் சின்ஃபோனியட்டா இசைக்குழுவின் முதல் கச்சேரியிலேயே அவருடைய 'தி வேல்' (திமிங்கிலம்) அரங்கேறியது. அப்போது அவருக்கு 24 வயது நிறைய இன்னும் நான்கு நாள். பைபிளில் வரும், யோனாவை விழுங்கிய மீனின் கதை. கலைக்களஞ்சியத்திலிருந்து திமிங்கிலம் பற்றிய குறிப்பை ஒருவர் வாசிப்பார், பாடகர்கள் கையில் ஒலிபெருக்கிக் குழாய்; சத்தம் அலைபோல் புரளும். பீட்டில்ஸின் ஆப்பிள் கம்பெனி அதை இசைத்தட்டாகவே போட்டது. அந்த வழியிலேயே போயிருந்தால் நீ இன்று அவரைக் கொண்டாடியிருப்பாய். அவர் அதை விட்டுவிட்டு வந்தார். 1977-இல் கீழைக் கிறிஸ்தவ மரபான ஆர்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்தார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்.

நீ பிடில்காரன், அதனால் உனக்குச் சுரமாகவே எழுதுகிறேன். 1982-இல் மூன்று வயது மருமகனுக்காக எழுதிய 'தி லேம்' (ஆட்டுக்குட்டி) பாட்டு. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜில் பாடினார்கள். வரிகள் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்குடையவை. பிடிலை எடு. ஜி சுரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொள். முதலில் சொப்ரானோ, அதாவது மேல்ஸ்தாயிக் குரல், மட்டும் தனியாக: ச, அந்தர காந்தாரம், சதுச்ருதி ரிஷபம், கீழே காகலி நிஷாதம், மறுபடி ச. குழந்தை முணுமுணுக்கிற மெட்டு. அடுத்த அடியில் அதே மெட்டை அவர்கள் திரும்பப் பாடும்போது அதற்கு அடுத்த கீழ்க்குரலான ஆல்ட்டோ சேர்ந்துகொள்கிறது, ஆனால் தலைகீழாக. மேலே எவ்வளவு ஏறுகிறதோ கீழே அவ்வளவு இறங்குகிறது: ச, கீழே சுத்த தைவதம், கைசிகி நிஷாதம், மேலே சுத்த ரிஷபம், ச. நான்காவது சுரத்தில் என்ன ஆகிறது பார். ஒரு குரல் ஸட்ஜத்துக்குச் சற்றுக் கீழே, இன்னொன்று சற்று மேலே. நடுவில் ஸட்ஜம் காலியாக இருக்கிறது. இரண்டும் உரசி அந்த வலி ஒரு கணம் நிற்கிறது, உடனே இரண்டும் ஸட்ஜத்தில் வந்து விழுகின்றன. மூன்றாவது அடியில் இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே கோட்டில் கோத்து ஏழு சுரமாக்குகிறார். நான்காவது அடி அதையே பின்னாலிருந்து முன்னால் பாடுகிறது. மொத்தப் பாட்டுக்கும் சரக்கு இவ்வளவுதான். மூன்றரை நிமிடம். இதை எளிது என்று ஒதுக்கினால், கோலத்தில் புள்ளிகளை மட்டும் எண்ணிவிட்டு வந்த மாதிரி.

தம்பூரா என்று நீ சொன்னது ஒருவகையில் ரொம்பச் சரி. ஆர்தடாக்ஸ் திருச்சபையின் பழைய பைசாந்தியப் பாடல் முறையில் கீழே ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அதற்கு ஈசோன் என்று பெயர். டாவனர் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார். நாம் இருவரும் சுருதிப் பெட்டி போட்டுவிட்டு அதன்மேல் என்ன வரப்போகிறது என்று காத்திருந்தே பழகியவர்கள். நீ அப்படித்தான் காத்திருந்தாய். நானும் பல வருடம் அப்படித்தான் காத்திருந்தேன். என்னை மாற்றியது ஒரு சம்பவம். போனில் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பாடகர் குழுவில் நான் பேஸ், அதாவது ஆண்களின் கீழ்ஸ்தாயிக் குரல், வரிசையில் நிற்கிறேன் என்பது உனக்குத் தெரியும். போன பிப்ரவரியில் குழுவின் மிக மூத்த ஆல்ட்டோ பாடகி காலமாகிவிட்டார். தன் சவப்பெட்டியை வெளியே எடுத்துப் போகும்போது 'சாங் ஃபார் அத்தீனி' பாட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். 1997 செப்டம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் அபியில் இளவரசி டயானாவின் பெட்டியைத் தூக்கிச் சென்றபோது பாடியதே, அதுதான். உலகமே டிவியில் கேட்டது. "சாவு வீட்டுப் பிரபலம்" என்று நீ எழுதிய பாட்டு. அது அந்த இறுதிச் சடங்குக்காக எழுதியதில்லை. அதற்கு நான்கு வருடம் முன்னாலேயே, சைக்கிள் விபத்தில் இறந்துபோன, குடும்பத்துக்குத் தெரிந்த ஓர் இளம்பெண்ணை நினைத்து எழுதியது.

அதில் பேஸ் குரல்களுக்கு ஒரே வேலை: கீழ் எஃப் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் சத்தம் அறுந்துவிடும். அதனால் முறை வைத்து வாங்க வேண்டும். பக்கத்து ஆள் மூச்சிழுக்கும்போது நான் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பேன், நான் இழுக்கும்போது அவர் பிடிப்பார். ஒத்திகையில் குளிர்ந்த தேவாலயத்தில் கோட்டோடு நின்று இதைத்தான் ஒரு மணி நேரம் பழகினோம். எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது.

அன்றைக்கு வேறு மாதிரி ஆனது. மேலே அல்லேலூயா ஒருமுறை மேஜரிலும் அடுத்தமுறை மைனரிலும் மாறி மாறி வருகிறது. பெட்டி நடுவழியில் மெதுவாக நகர்கிறது. பின்வரிசையில் ஒரு டெனர் பாடகர் பாடமுடியாமல் நின்றுவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்து ஒரு மூச்சு முழுக்க சத்தமே வரவில்லை. சுரம் மட்டும் அறவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பவும் அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்துகொண்டேன். கல்லறைப் பக்கத்து அழுகையே பாட்டாகிறது என்று அதில் ஒரு வரி வரும். அந்த வரியில் கதவு திறந்து வெளிச்சம் உள்ளே வந்தது. சேகர், அந்தச் சுருதி எதற்கும் அடித்தளமாகப் போட்டதில்லை. அதுவேதான் பாட்டு. அதன்மேல் வருவதெல்லாம் அதைக் கேட்க வைப்பதற்காக. அன்றிலிருந்து 'புரொடெக்டிங் வெய்ல்' எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. செல்லோ அதில் ஓயவே ஓயாது. அந்தச் செல்லோதான் இயேசுவின் தாய் மரியாள், விடாமல் பாடுகிறாள். மற்ற தந்திகள் அவள் குரல் போய் மோதித் திரும்புகிற சுவர்கள். நடுவில் சிலுவையடியில் அவள் புலம்பும்போது சுவர்களும் இல்லாமல் செல்லோ தனியே நிற்கும். 1989 புரோம்ஸில் செல்லோக் கலைஞர் ஸ்டீவன் இசர்லிஸ் இதை முதலில் வாசித்தபோது அவ்வளவு பெரிய ஆல்பர்ட் ஹாலுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. 2007-இல் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தீட்ரலில் அரங்கேறிய 'தி பியூட்டிஃபுல் நேம்ஸ்', அல்லாஹ்வின் 99 திருநாமங்கள். கத்தோலிக்கத் தேவாலயத்தில் இதைப் பாடலாமா என்று வாசலில் எதிர்ப்புக் காட்டினார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது. ஆனால் கேட்கும்போது நாற்பதாவது நாமத்துக்கு மேல் என் மனம் நிற்கவில்லை. நீ சொல்கிற குறை அங்கே பொருந்துகிறது. லண்டன் டெம்பிள் சர்ச்சில் 2003-இல் ராத்திரி முழுக்க, ஏழு மணி நேரம், நடந்த 'தி வெய்ல் ஆஃப் த டெம்பிள்' பற்றி மட்டும் உன்னோடு சேர்ந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். விடிய விடியக் கண்விழித்துக் கேட்பதற்கென்று செய்ததை சிடியில் துண்டு துண்டாகக் கேட்டுப் பேசுவது நியாயமில்லை. நாமே திருவிழாக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள்தானே.

"பக்தி என்று சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்லக்கூடாதா" என்று கேட்டிருந்தாய். உன் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அதுதான். சொல்லலாம், கட்டாயம் சொல்லலாம். டாவனரே தன் பழைய பேச்சிலிருந்து நகர்ந்தவர்தான். மேற்கத்திய இசை கடவுளை விட்டு வழிதவறிப் போய்விட்டது என்று கடுமையாகப் பேசிவந்தவர், 2007-இல் மாரடைப்பு வந்து மாதக்கணக்கில் படுத்து எழுந்த பிறகு, பெத்தோவனின் கடைசிக் காலத்து, நான்கு தந்தி வாத்தியங்களுக்கான குவார்ட்டெட்டுகளிடம் போய்ச் சேர்ந்தார். 2013 நவம்பரில் போய்விட்டார். இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

'தி லேம்' இசைத்தாளை இதோடு வைத்திருக்கிறேன். முதல் இரண்டு அடி போதும். உன் சின்ன மகளை ஆல்ட்டோ வரியைப் பாடச் சொல், நீ மேல் வரியை வாசி. அந்த நான்காவது சுரத்தில் அவசரப்படாமல் கொஞ்சம் நின்று பார். டிசம்பர் மூன்றாவது ஞாயிறு எங்கள் கரோல் நிகழ்ச்சியில் இதைப் பாடுகிறோம். உன் முழங்கால் இடம் கொடுத்தால் ரயிலேறி வா, ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். உன் பர்ட்விசில் இசைத்தட்டுகளையும் எடுத்து வா, ராத்திரி கேட்கலாம்.

அன்புடன்,
ராமு