மாட்சா எப்படிப் போடுவது என்று சொன்னீர்கள், எப்போது குடிப்பது என்று சொல்லவில்லையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே மாட்சா லாட்டே, அதாவது ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடியைப் பாலில் கலந்த பானம், போடுவது எப்படி என்று ஒரு பக்கம் முழுக்க வந்திருந்தது. செய்முறையில் பெரிதாகத் தப்பில்லை. ஆனால் அதற்குக் கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்த நன்மைகளைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தினமும் காலைச் சாப்பாட்டோடு ஒரு கப் குடியுங்கள், சாதாரண கிரீன் டீயைவிட 137 மடங்கு சத்து, சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினால் கவலையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் "காலைச் சாப்பாட்டோடு" என்கிற பழக்கம்தான் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

என் தங்கைக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், ஒரு நாள் விடாமல் போட்டாள். அந்தச் சமயத்தில்தான் காபியை விட்டுவிட்டு மாட்சாவுக்கு மாறியிருந்தாள், உடம்புக்கு நல்லது என்று நம்பித்தான். சாப்பாடு, மாத்திரை, ஒரு பெரிய கப் மாட்சா லாட்டே, மூன்றும் பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நாலு மாதம் கழித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.4, ஆரம்பத்தில் இருந்த அதே இடம். மாத்திரையை மாற்றினார்கள், அப்போதும் நகரவில்லை. உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதோ என்று பயந்து ஒவ்வொரு பரிசோதனையாக அலைந்தோம், அம்மா ராத்திரியில் தூங்கவே இல்லை. கடைசியில் ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் அக்கா ஊசியைக் குத்திக்கொண்டே, "மாத்திரைய எதோட போடுறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

விஷயம் இதுதான். தேயிலையில் இருக்கிற கேட்டகின் போன்ற பாலிஃபீனால்கள் (செடிகளில் இயற்கையாக இருக்கும் ஒரு வகைச் சேர்மங்கள்) குடலில் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். கீரை, பயறு போன்றவற்றில் இருந்து வருகிற இரும்பை உடம்பு ஏற்கெனவே கொஞ்சமாகத்தான் உறிஞ்சும், அதையும் இது தடுத்துவிடும். எல்லாத் தேநீருக்கும் இது பொருந்தும் என்றாலும் மற்ற தேநீரில் இலையை வடிகட்டிவிடுகிறோம், மாட்சாவில் இலையையே அரைத்த பொடியாக முழுசாகக் குடிக்கிறோம். லாட்டே என்றால் பாலும் சேர்கிறது, பாலில் உள்ள கால்சியமும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். ஆகவே மாத்திரையைத் தனியாக, வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு மாதிரி வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்றோடு போடச் சொன்னார் மருத்துவர், மாட்சாவைச் சாப்பாட்டிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் ஒன்றிரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொன்னார். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.6. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்ததால் முழுப் பழியையும் மாட்சா தலையில் கட்ட மாட்டேன், ஆனால் உங்கள் நன்மைகள் கட்டத்தில் இதுபற்றி ஒரு வரி இருந்திருந்தால் எத்தனை வீடுகளுக்கு உதவியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்து அந்த 137 மடங்கு. இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஒரு ஆய்வுக் கட்டுரை. அதில் மாட்சாவை ஒப்பிட்டது ஒரே ஒரு குறிப்பிட்ட கிரீன் டீயோடு, அளந்தது ஈஜிசிஜி என்ற ஒரே ஒரு கேட்டகினை. அதே கட்டுரையிலேயே, மற்ற கிரீன் டீகளுக்கு அதுவரை பதிவாகியிருந்த மிக அதிக அளவோடு ஒப்பிட்டால் மூன்று மடங்காவது இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மடங்கே நல்ல செய்திதானே, அதை ஏன் விட்டுவிட்டு 137-ஐ மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்? அதிலும் பாலில் உள்ள புரதம் கேட்டகின்களைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் போய்ச் சேர்வது அதனால் எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கேட்டகினுக்காகவே குடிக்கிறவர்கள் வெந்நீரில் மட்டும் கலக்கிக் குடித்துவிட்டுப் போகலாம்.

நான் மாட்சாவுக்கு எதிரி இல்லை. எனக்கும் பிடிக்கும், வாரத்துக்கு நாலு நாள் நானே போடுகிறேன். பொடியைச் சலிக்காமல் போட்டால் எவ்வளவு அடித்தாலும் அடியில் பச்சைப் பச்சையாகக் கட்டி நிற்கும், வாயில் வைத்தால் மாவு மாதிரி உடையும், உங்கள் செய்முறையில் சலிக்கும் வேலையே இல்லை. டீ வடிகட்டியில் 2 கிராம் பொடியைப் போட்டு, ஸ்பூன் முதுகால் தேய்த்தால் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, 70-லிருந்து 80 டிகிரிக்குள் இருக்கட்டும், கொதிநீர் ஊற்றினால் கசப்புதான் முன்னால் வரும், அந்தக் கசப்பை மறைக்கத்தான் எல்லாரும் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். நாலைந்து ஸ்பூன் வெந்நீர் போதும், முதலில் அதில் குழைத்து, அப்புறம் முன்னும் பின்னுமாக வேகமாக அடிக்க வேண்டும், வட்டமாகச் சுற்றினால் நுரை வராது. ஜப்பானில் இதற்கென்று சாசென் என்ற மூங்கில் மத்து வைத்திருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கும், இல்லாவிட்டாலும் மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் வேலை ஆகிவிடும். கடைசியாகச் சூடான பால்.

பொடி வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். அறுவடைக்கு மூன்று நாலு வாரம் முன்பே செடிக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைப்பார்கள், அதனால்தான் இலையில் பச்சையம் கூடுகிறது, தியானின் என்ற அமினோ அமிலமும் கூடி அந்த இனிப்புக் கலந்த ருசி வருகிறது. பளிச்சென்று பச்சையாக இல்லாமல் மஞ்சளடித்து, காய்ந்த புல் மாதிரி இருந்தால் பழசு அல்லது மட்டம். "செரிமோனியல் கிரேடு" (தேநீர்ச் சடங்குக்கு உரிய தரம்) என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், அந்தப் பெயருக்கு ஜப்பானிலேயே அரசு வகுத்த தரம் எதுவும் கிடையாது.

தேன் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனும் சிரப்பும் சர்க்கரைக் கணக்கிலேயே வருகின்றன. ஒரு நாள் உணவின் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது, 5 சதவீதம் என்றால் சுமார் 25 கிராம். நீங்கள் சொன்ன இரண்டு மேசைக்கரண்டி தேனே அதைத் தாண்டிவிடும். கடையில் விற்கும் மாட்சா லாட்டே மிக்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், எடையில் அதிகமாக இருப்பதுதான் பட்டியலில் முதலில் வரும், பலவற்றில் அந்த முதல் பெயர் சர்க்கரை. இளைக்க வேண்டும் என்று குடிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவது நியாயமா?

காஃபினையும் தொடவே இல்லை. ஒரு கிராம் மாட்சாவில் ஏறக்குறைய 20-லிருந்து 40 மில்லிகிராம் வரை இருக்கும், ஆக 2 கிராம் போட்ட ஒரு கப்பில் 40-லிருந்து 80. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400, கர்ப்பிணிகளுக்கு 200 வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. காஃபினைப் பொறுத்தவரை பகலில் ஒரு கப் பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது, ராத்திரி எட்டு மணிக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கலந்து கொடுத்தால் தூக்கம் போய்விடும். இலை முழுசாகப் போவதால் வைட்டமின் கே-யும் உள்ளே போகிறது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் வேலையை அது குறைக்கலாம், ஆகவே அதைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தினசரிப் பழக்கமாக்கக் கூடாது. கிரீன் டீ சாறு மாத்திரைகளோ முற்றிலும் வேறு, ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் ஈஜிசிஜி-யும் அதற்கு மேலும் மாத்திரையாகப் போனால் கல்லீரல் பாதிப்புக்கான அறிகுறிகள் தெரிகின்றன என்று அதே ஆணையம் 2018-ல் சொல்லியிருக்கிறது. கப்பில் கலந்து குடிப்பதையும் இதையும் ஒன்றாகப் போட்டுப் பயப்பட வேண்டாம், ஆனால் உங்கள் கட்டத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் புகழ்ந்திருந்தீர்கள்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ரத்தசோகை உள்ளவர்களும் இரும்பு மாத்திரை போடுகிறவர்களும் மாட்சாவைச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம் என்று ஒரு திருத்தம் போடுங்கள். பக்கத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், என் அம்மாவே போன வாரப் பக்கத்தை ஒட்டி வைத்திருந்தார், "காலைச் சாப்பாட்டோடு" என்ற வரியை நான் பேனாவால் அடித்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி