கீழவெளி ஒன்பது மா

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மூன்று ஞாயிறுகளாக நீ பேசவில்லை. ஆய்வு வேலை நெருக்கடி என்று உன் அம்மாவிடம் நானே காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ அனுப்பிய அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். நாகைக் கடலோரத்தில் விளைந்த இறால் எந்த நாட்டுத் தட்டுக்குப் போனது, அதன் கழிவுநீர் எவர் கிணற்றில் இறங்கியது என்று நீ கேட்டிருக்கும் விதம் எனக்குப் பெருமையாக இருந்தது. காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்து இறால் குட்டைகளை அகற்றச் சொன்னதையும், வேலையிழப்போருக்கு ஆறாண்டுக் கூலி தரச் சொன்னதையும், 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதே பண்ணைகளுக்கு மீண்டும் வழிவிட்டதையும் ஒரு வரி பிசகாமல் எழுதியிருக்கிறாய். ஆனால் நிலம் வைத்திருந்தவர்கள் பேராசையால் குத்தகைக்கு விட்டார்கள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டாயே, அது சரியில்லை. கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்தவர்கள் நாங்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

நம் கீழவெளி வயல் ஒன்பது மா நிலத்தை இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டது யார் என்று நீ கேட்டபோது, பெரியப்பா என்று சொன்னேன். நீ மேலே எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பேசவும் இல்லை. கையெழுத்துப் போட்டவன் நான்தான் செல்வி. அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் மிதந்ததும் பண்ணைக்காரர்கள் உப்புநீர் இறைத்த மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி சம்பா நட்டோம். பயிர் நுனி கருகி, வரப்போரம் உப்பு பூத்து நின்றது. நமக்காவது மேலவெளி இருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அஞ்சலைக்கு நம் வயலில் கிடைத்த நடவுக் கூலியும் போயிற்று, கிணறும் போயிற்று. ஒருநாள் அவள் குடத்தைக் கொண்டுவந்து நம் திண்ணையில் வைத்து, "இந்தத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது, நீங்களே குடிச்சுப் பாருங்க ஐயா" என்றாள். நான் குடிக்கவில்லை. உள்ளே போய்ப் பத்து ரூபாய் எடுத்துவந்து நீட்டினேன். அவள் அதை வாங்காமல், குடத்தையும் எடுக்காமல் போய்விட்டாள். மாலையில் உன் அம்மா அதைக் கழுவிக்கொண்டுபோய் அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அன்று இரவு என்னோடு பேசவில்லை. நீ உன் அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாய்.

குத்தகைப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயரைப் போட்டே எழுதிக்கொள். பெரியப்பாவைப் பற்றி ஏதாவது குறித்திருந்தால் அடித்துவிடு. இரவு கண்விழித்து எழுதாதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை நீ பேசினால் அம்மாதான் போனை எடுப்பாள். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா