பிளக் எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் என் 100 சிசி பைக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. ஸ்பார்க் பிளக் மாற்றினால் சரியாகிவிடும் என்று உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்ன மாடல், எந்த வருஷ வண்டி என்று எதுவும் கேட்கவில்லை, "எல்லாம் ஒண்ணுதாண்ணே, மரை சேர்ந்தா போதும்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மரை சேரத்தான் செய்தது, கையாலேயே சுற்றிவிட்டேன். கிக்கரை மிதித்தால் பாதியில் டக்கென்று நின்றது. கழற்றிப் பார்த்தேன், நுனியில் வளைந்திருக்கும் கம்பி நசுங்கி நடுக்கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. பிஸ்டன் வந்து இடித்திருக்கிறது.

பழைய பிளக்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டுக்கும் மரை விட்டம் அதே 10 மி.மீ., ஆனால் மரையின் நீளம் பழையதில் 12.7 மி.மீ., புதியதில் 19. இது பிளக் மேலேயே எழுதியிருக்கிற விஷயம். என்ஜிகே கம்பெனி பிளக்கில் 'சி7ஹெச்எஸ்ஏ' என்று இருந்தால் சி என்பது 10 மி.மீ. விட்டம், 7 வெப்ப எண் (பிளக் நுனி சூட்டை எவ்வளவு வேகமாக விடும் என்பதைக் காட்டுவது), ஹெச் என்பது 12.7 மி.மீ. நீளம், ஹெச்சுக்குப் பதில் இ இருந்தால் 19 மி.மீ. என்று அர்த்தம். நீளம் குறைந்த பிளக்கைப் போட்டாலும் ஆபத்துதான், என்ஜின் ஹெட்டில் (பிளக்கைத் திருகும் பாகம்) மிச்சமிருக்கும் மரையில் கரி படியும், பிறகு சரியான பிளக் போடும்போது இறங்காது, ஸ்பேனரை வைத்து அழுத்தினால் அலுமினிய ஹெட்டில் மரையே போய்விடும், அப்புறம் லேத் பட்டறைதான்.

வெப்ப எண் இன்னும் குழப்பம். என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் சீக்கிரம் சூட்டை விடும், பாஷ் கம்பெனி பிளக்கில் எண் கூடினால் சூட்டைப் பிடித்து வைக்கும், அதாவது நேர் எதிர். ஒரு கம்பெனி பிளக்குக்குப் பதில் இன்னொன்றை வெறும் எண்ணைப் பார்த்து வாங்கினால் நுனி கரி பிடித்து அடைக்கும், இல்லாவிட்டால் வெள்ளையாக வெந்து பிஸ்டனில் ஓட்டை விழும் அளவுக்குப் போகும். நுனியில் இரிடியம் உலோகம் வைத்த பிளக் ரொம்ப நாள் உழைக்கும், உண்மைதான், ஆனால் அதிலும் நீளமும் வெப்ப எண்ணும் வண்டிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

வண்டியோடு தரும் கையேட்டில் பிளக் நம்பர், அதன் நுனியில் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி எல்லாம் இருக்கிறது. பழைய வண்டி வாங்கியவர்களிடம் கையேடு இருப்பதில்லை. அதனால் உங்கள் நாளிதழில் அதிகம் ஓடும் பைக்குகளின் பிளக் நம்பரை ஒரு பட்டியலாக வெளியிட்டால் நன்றாக இருக்கும், உதிரிபாகக் கடைக்காரர்களும் அதை வெட்டி ஒட்டிவைத்துக்கொண்டு மாடல் கேட்டு விற்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விருதுநகர்