பைட்கோடைச் சிப்புக்குள் அடைக்க வேண்டாம்

ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் ப்ராசசர் கோர் வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஜாவா பைட்கோடையோ (ஜாவா நிரல் மாற்றப்படும் இடைநிலைக் கட்டளைகள்) வெப்அசெம்பிளியையோ (பிரவுசர்களில் ஓடும் அதுபோன்ற வடிவம்) நேரடியாக ஓட்டும் சிப் ஒன்று செய்துபார்க்கும் ஆசை உங்களில் பலருக்கு வந்திருக்கும். சென்னை ஐஐடியின் சக்தி போன்ற திறந்த கோர்கள் கையில் இருக்கும்போது வராவிட்டால்தான் ஆச்சரியம். கம்பைலர் பக்கம் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது வேண்டாம்.

இதை ஏற்கெனவே பெரியவர்கள் செய்துபார்த்துவிட்டார்கள். இரண்டு எண்களை எடுத்து, கூட்டி, விடையைச் சேமிக்க ஜாவா பைட்கோடில் iload, iload, iadd, istore என்று நான்கு கட்டளைகள் வேண்டும். சன் நிறுவனத்தின் பிகோஜாவா சிப் வடிவமைப்பு இந்த நான்கையும் மடித்து ஒரே செயலாக ஓட்டியது. சாமர்த்தியம்தான். ஆனால் அந்த மடிப்பு வேலையை ஒவ்வொரு முறையும் சிப் செய்ய வேண்டும். நிரல் ஓடும்போதே பைட்கோடைச் சிப்பின் சொந்தக் கட்டளைகளாக மாற்றும் ஜிட் கம்பைலரோ அதை ஒரே தடவை செய்து, சாதாரண add ஒன்றை எழுதிவிட்டுப் போய்விடும்.

ஆர்ம் சிப்களில் பைட்கோடை ஓட்டிய ஜசெல் என்ற வசதி பிழைத்ததற்கு, ஜிட் வைக்க இடமில்லாத அன்றைய சின்ன போன்கள்தான் காரணம். எளிய பைட்கோடுகளை வன்பொருளே ஓட்டும்; கடினமானவை மென்பொருளுக்குப் போகும். அப்புறம் 2008இல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அதன் டால்விக் பைட்கோடு வேறு வடிவம், ஜசெலுக்கு அது புரியாது. சிலிக்கானில் செதுக்கியதை அப்டேட் செய்யவா முடியும்?

சரி, எங்களுக்கு என்னதான் வேண்டும்? சில்லறை உதவிகள். ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் ஒவ்வொரு முழு எண் கூட்டலிலும் விடை 32 பிட்டை மீறியதா என்று பார்க்கிறது. இன்டெல் வகை x86 சிப்களில் add (கூட்டு), jo (மீறினால் தாவு) என இரண்டு கட்டளைகள். 64 பிட் ரிஸ்க்-ஃபைவில் add, addw (32 பிட்டில் கூட்டு), bne (இரண்டு விடையும் வேறானால் தாவு) என மூன்று. அதில் ஒரே கூட்டலை இருமுறை செய்கிறோம்! விடையோடு சேர்த்து, மீறியதா என்பதையும் ஒரு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) சொல்லும் கட்டளை இருந்தால் அந்த இரண்டாவது கூட்டல் மிச்சம்.

அதைவிடத் தலைவலி fence.i, அதாவது புதிதாக எழுதிய கோடைக் கவனி என்று கோருக்குச் சொல்லும் கட்டளை. ஜிட் புதிதாக எழுதிய கோடு, fence.i-ஐ இயக்கிய கோருக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் உத்தரவாதம். த்ரெட் வேறு கோருக்கு மாறினால் கதை கந்தல். அதனால் லினக்ஸில் சிஸ்டம் கால் (இயங்குதளத்திடம் வைக்கும் வேண்டுகோள்) வழியாகச் சுற்றிப் போகிறோம்.

2024இல் ரிஸ்க்-ஃபைவ் தரமாக உறுதிசெய்யப்பட்ட பாயின்டர் மாஸ்கிங் (நினைவக முகவரியின் மேல் பிட்களைச் சிப் கண்டுகொள்ளாமல் விடும் வசதி) நல்ல தொடக்கம். பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பானுக்குக் குறிப்பு வைக்க அந்த மேல் பிட்கள் கிடைத்தன. அடுத்த கோரில் fence.i பிரச்சினையை முதலில் எடுங்கள். வடிவமைப்பை முடிவுசெய்யும் முன் ஒரு ஜிட் எஞ்சினைச் சிமுலேட்டரில் ஓட்டி, நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

அன்புடன்,
ஒரு கம்பைலர்காரன்